ரப்பர் பால் மெத்தையும் அதன் மேலுறையும்

வேப்பூர், விருத்தாசலம் வட்டாரங்களில் உள்ள சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் சென்று வரும்போது, பேரேட்டைப் பற்றிக் கேட்பவரைவிட வீட்டுக்கு வாங்கிய பொருளைப் பற்றிக் கேட்பவரே மிகுதி. பயிர்க்கடன், வட்டி மானியம் ஆகியவற்றைப் பேசி முடித்த பிறகு, “சார், இன்னொரு சங்கதி” என்று தொடங்குவர். அண்மைக் காலமாக அந்த இன்னொரு சங்கதி பெரும்பாலும் மெத்தையைப் பற்றியதாக இருக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் விற்ற பணத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் குடும்பங்கள் இப்போது இலவம்பஞ்சு மெத்தைக்குப் பதிலாக ரப்பர் பால் மெத்தை வாங்குகின்றன. அதைக் கடைக்காரர் ‘லேடெக்ஸ்’ என்பார். விலை பஞ்சு மெத்தையைப்போல் பன்மடங்கு. அவ்வளவு கொடுத்து வாங்கியது வீட்டுக்கு வந்ததும் கல்லாய்க் கிடக்கிறது, அல்லது அனலாய்க் கொதிக்கிறது என்பதே முறையீடு.

மெத்தை மோசம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அதன்மேல் என்னென்ன போர்த்தியிருக்கிறது என்று பார்த்தல் வேண்டும். இது விவசாய அங்கத்தினருக்கு மட்டுமன்றி நெசவாளர் அங்கத்தினருக்கும் உரிய விஷயம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ரப்பர் பால் மெத்தை எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சிறிது தெரிந்துகொள்வது நலம். நம் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. அங்கே 1984ஆம் ஆண்டில் அரசு ரப்பர்க் கழகம் ஏற்படுத்தப்பட்டது. நாட்டில் மிகுதியாக ரப்பர் விளைவது அண்டையிலுள்ள கேரளத்தில். மரத்தைச் சீவி எடுக்கும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர்; எஞ்சியது பெரும்பாலும் நீர். பாலைக் கடைந்து நீரைக் குறைத்து, 60 சதவீத ரப்பர் உள்ளதாக்கி, உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்து ஆலைக்கு அனுப்புகின்றனர். அங்கே அதை முட்டை வெண்கருவை அடிப்பதுபோல நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, உறைய வைத்து, நீராவியில் வேகவைப்பர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து டன்லப் நிறுவனத்தார் 1929ஆம் ஆண்டில் கண்ட முறை இது. அச்சினுள் வரிசையாக நிற்கும் ஊசிகளால் மெத்தை முழுதும் துளைகள் விழுகின்றன. வேகும்போது சூடு உள்ளே பரவுவதற்காக ஏற்பட்ட துளைகள், பிறகு காற்று சென்று வரும் வழிகளாகவும் பயன்படுகின்றன.

இத்தகைய மெத்தையின் தனிச்சிறப்பு யாதெனில், உடம்பு எங்கே அழுத்துகிறதோ அங்கே மட்டும் அது தாழ்ந்து கொடுக்கும். தோளுக்கு ஒரு பள்ளம், இடுப்புக்கு ஒரு பள்ளம்; புரண்டு படுத்தால் அக்கணமே நிமிர்ந்துவிடும். பஞ்சு மெத்தையில் இது இல்லை. ஆனால் இக்குணம் நம் உடம்பை எட்ட வேண்டுமானால், இடையில் உள்ள துணியும் அவ்வாறே தாழ்ந்து கொடுக்க வேண்டும். துணி இசைந்து கொடுக்கவில்லையென்றால், நாம் படுப்பது மெத்தையின்மேல் அன்று, துணியின்மேல்.

கயிற்றுக் கட்டிலை எண்ணிப் பாருங்கள். கயிறு தளர்ந்திருந்தால் உடம்பை ஏந்திக்கொள்கிறது. முறுக்கி இழுத்துக் கட்டினால், அதே கயிறு, அதே சட்டம், பலகைபோல் ஆகிவிடுகிறது. உறை மெத்தையைச் செய்வதும் இதுவே. இழுவை இல்லாத துணியால் மெத்தையின் அளவுக்குச் சரியாகவோ, அதைவிடச் சற்றுக் குறைவாகவோ உறை தைத்து மாட்டினால், மத்தளத் தோல்போல் மேற்பரப்பு விறைத்து நிற்கும். ஓரிடத்தில் அழுத்தினால் அவ்விடம் மட்டும் தாழாமல், துணி நாற்புறத்தையும் சேர்த்து இழுக்கும். கீழே எத்தனை மென்மையான நுரை இருந்தும் பயனில்லை.

வேப்பூருக்கு அருகே ஓர் அங்கத்தினர் வீட்டில் இதை நேரில் கண்டேன். “பலகையிலே படுத்தாப்பல இருக்குது சார், கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்” என்றார் பெரியவர். மெத்தையைத் திருப்பியனுப்ப லாரிக்குச் சொல்லியும் ஆயிற்று. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். முதலில் கஞ்சி போகாத புதிய விரிப்பு, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதன்கீழ் பழைய பஞ்சு மெத்தையிலிருந்து பிரித்துத் தைத்த தடித்த மெத்தைப் பாய். அதன்கீழ், பேரக்குழந்தை நனைத்துவிடும் என்று போட்ட பிளாஸ்டிக் உறை. எல்லாவற்றுக்கும் அடியில்தான் மெத்தையுடன் வந்த பின்னல் துணி உறை. பிளாஸ்டிக்கை உருவியதும் அதன் உட்புறம் ஈரமாக இருந்தது. அது குழந்தையின் வேலையன்று, வேர்வைதான். பின்னல் உறையின்மேல் துவைத்து நைந்த ஒரு பழைய வேட்டியை மட்டும் விரித்துப் பெரியவரைப் படுக்கச் சொன்னோம். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “லாரிக்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லு” என்று மகனிடம் சொன்னார்.

அவ்வீட்டில் கண்ட மூன்று அடுக்குகளும் மூன்று வகையான குறைகளுக்கு எடுத்துக்காட்டு. பிளாஸ்டிக் உறை காற்றை அடைக்கிறது, நீராவியையும் அடைக்கிறது, துளைகளுள்ள மெத்தைக்குக் கொடுத்த விலை அங்கே வீணாகிறது. தடித்த பாய், உடம்பின் வடிவை மெத்தைக்குத் தெரியாமல் மறைக்கிறது. மேலும், பஞ்சு திணித்த எந்த அடுக்கும் நாளடைவில் படுக்கும் இடத்தில் அமுங்கிப் பள்ளமாகும். மெத்தை குழிந்துவிட்டது என்று வரும் முறையீடுகளில் சில உண்மையில் இத்தகைய திணிப்புத் தைத்த மேலுறையின் குழிவே. உறையைக் கழற்றி, நுரையின்மேல் நேராக ஒரு கம்பையோ நூலையோ குறுக்கே பிடித்துப் பார்த்தால் குற்றம் எதனுடையது என்பது விளங்கிவிடும். மூன்றாவது, இழுத்துக் கட்டிய விரிப்பின் விறைப்பு.

அப்படியானால் உறையே வேண்டாமா? அவ்வாறு கூறுவதற்கில்லை. ரப்பருக்கு வெயிலும் எண்ணெயும் பகை. பஞ்சு மெத்தையை ஆண்டுதோறும் மொட்டை மாடியில் வெயில் காட்டுவது நம் வழக்கம். ரப்பர் பால் மெத்தையை அவ்வாறு செய்தால் மேற்பரப்பு மஞ்சளித்து, கடினமாகி, உதிரத் தொடங்கும். நிழலில் காற்றாட வைப்பதே முறை. எண்ணெயோ ரப்பரில் ஊறி அதை உப்ப வைத்து நைந்து போகச் செய்கிறது. தலைக்கு நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தேய்க்கும் நம் வீடுகளில் மெத்தையை உறையின்றி விடுவது தவறு. குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டில் ஈரம் புகாத காப்புறையும் வேண்டியதே. ஆனால் அது கெட்டிப் பிளாஸ்டிக்காகவோ ரெக்சினாகவோ இருத்தல் கூடாது. பருத்திப் பின்னல் துணியின் அடிப்புறத்தில் பாலியூரிதேன் என்னும் மெல்லிய ஏடு ஒட்டிய காப்புறைகள் இப்போது கிடைக்கின்றன. அந்த ஏடு இழுத்தால் நீளும், தண்ணீரைத் தடுக்கும், நீராவியை ஓரளவு வெளியே விடும். கையில் எடுத்துக் கசக்கினால் சலசலக்காமலும், இழுத்தால் நீண்டு திரும்புவதாயும் உள்ளதே வாங்கத்தக்கது. அதையும் தேவையுள்ள வீட்டார் மட்டும் போட்டால் போதும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். பருத்தி விவசாயிகளுக்கு ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அதைக் கொண்டே விலை ஏறி இறங்குகிறது. சாதாரணக் காற்றிலிருந்து 100 கிலோ உலர்ந்த பருத்தி சுமார் 7 அல்லது 8 கிலோ நீரை ஏற்கும். பாலியெஸ்டர் அரைக் கிலோவைக்கூட ஏற்காது. மார்கழியில் இது பெரிதாகத் தோன்றாது. சித்திரையில், மின்சாரமும் இல்லாத இரவில், மேல்விரிப்பு எந்த நூலால் ஆனது என்பதே தூக்கத்தைத் தீர்மானிக்கும்.

இனி நெசவாளருக்குரிய பகுதி. மெத்தை உறைகள் தைத்து விற்கலாமே என்ற யோசனை சில சங்கங்களில் எழுந்துள்ளது. நல்ல யோசனைதான். ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தறியில் நெய்த துணி, பாவு வழியாகவும் ஊடை வழியாகவும் நீளாது. பின்னல் துணி, நூல் வளையங்களால் ஆனதாகையால், எப்புறம் இழுத்தாலும் நீண்டு கொடுக்கும். மெத்தையை ஒட்டி இறுகப் பிடிக்கும் ஜிப் வைத்த உறைக்குத் திருப்பூர்ப் பின்னலே பொருத்தமானது. அதில் தறி போட்டியிடுவது வீண் முயற்சி. தறிக்குரிய இடம் தளர்வாகக் கிடக்கும் மேல்விரிப்பு. நெய்த துணியாலேயே உறை தைக்க வேண்டுமென்று யாரேனும் ஆர்டர் கொடுத்தால், மெத்தையின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் ஓர் அங்குலமேனும் தளர்வு விட்டு, ஐழைகள் நெருங்காத மெல்லிய துணியிலோ, அழுத்தினால் சிறிது இசையும் தேன்கூடு நெசவிலோ தைத்துக் கொடுக்கலாம்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. துவைக்காத காடாத் துணி முதல் சலவையில் சுருங்கும். 75 அங்குல நீளமுள்ள உறை 100க்கு 4 பங்கு சுருங்கினாலே 3 அங்குலம் போய்விடும். விற்றபோது தளர்வாக இருந்த உறை, முதல் சலவைக்குப் பின் மெத்தையை வில்லாக வளைக்கும். வாங்கியவர் மெத்தையைக் குறை கூறுவார். பிறகு சங்கத்தைக் குறை கூறுவார். விருத்தாசலத்துச் செராமிக் தொழிலாளருக்கு இது புதிதன்று. மண்ணைவிட மேற்பூச்சு அதிகம் சுருங்கினால் சூளையிலிருந்து எடுத்த பாண்டத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். ஒன்றன்மேல் ஒன்றாய் இருக்கும் இரண்டும் ஒரே அளவில் சுருங்க வேண்டும் என்பது சூளைக்கும் பொருந்தும், சலவைத் தொட்டிக்கும் பொருந்தும். ஆகவே துணியை வெந்நீரில் நனைத்து, கஞ்சியைப் போக்கி, உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும்.

சாயத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. தாமிரமும் மாங்கனீசும் ரப்பரை விரைவில் கெடுக்கும் உலோகங்கள். சில சாயங்களிலும் சாயம் நிலைக்கச் சேர்க்கும் உப்புகளிலும் தாமிரம் உண்டு. ஆதலால் நுரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளுறைக்குச் சாயமிடாத துணியே ஏற்றது. வண்ணமும் கட்டமும் கரையும் மேல்விரிப்பில் இருக்கட்டும்.

அந்த மேல்விரிப்பு நமக்கே உரிய சரக்கு. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட வகைகளுள் படுக்கை விரிப்பும் ஒன்று. முதலில் 22 ஆக இருந்த வகைகள் 11 ஆகக் குறைந்த பின்னும் அது பட்டியலில் நீடிக்கிறது. சென்னிமலையும் கரூரும் விரிப்பால் பெயர் பெற்றவை. 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் கேட்டு வாங்கப்படும் சரக்கு அது. ஆயினும், ரப்பர் பால் மெத்தை வாங்கிய வீடுகளில் நம் விரிப்பு இரவில் உருவிக்கொள்கிறது என்று சொல்லி, ரப்பர் நாடா தைத்த பாலியெஸ்டர் விரிப்புக்கு மாறிவிடுகின்றனர். நாடா மூலைகளைப் பிடித்து இழுப்பதால் மெத்தை மீண்டும் விறைக்கிறது, பாலியெஸ்டரால் புழுங்குகிறது. அவர்கள் மாறியதற்குக் காரணம் நம் நெசவு அன்று, நம் அளவு.

கணக்கைப் பாருங்கள். ஒற்றைக் கட்டில் விரிப்பு வழக்கமாக 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம். பழைய இலவம்பஞ்சு மெத்தை 72 அங்குல நீளமும் 4 அங்குலக் கனமும் உடையது எனக் கொள்வோம். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கனத்துக்கு 8 அங்குலம் போக, அடியில் செருக 10 அங்குலம் மிஞ்சும், பக்கத்துக்கு 5. அது நிற்கும். ரப்பர் பால் மெத்தையோ பெரும்பாலும் 75 அங்குல நீளம், 6 அங்குலக் கனம். 90இல் 75ம் 12ம் போனால் மிஞ்சுவது 3. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். அது எவ்வாறு நிற்கும்? பக்கத்துக்கு 8 அங்குலம் செருக வேண்டுமானால் 75, 12, 16 கூட்டி 103 அங்குலம் வேண்டும். 104 என்று வைத்துக்கொள்ளலாம். மெத்தை 36 அங்குல அகலமாயின் 60 அங்குல அகலமே போதும். இரு பக்கமும் 6 அங்குலம் செருகலாம். எனவே அச்சை மாற்ற வேண்டியதில்லை. ஒரு விரிப்புக்கு 14 அங்குலம் நீளமாக நெய்தால் தீர்ந்தது. நூல் செலவு ஏறத்தாழ 100க்கு 16 பங்கு கூடும். கூலியும் அந்த விகிதத்தில் கூட்டிக் கொடுக்கப்பட வேண்டும். நிர்வாகக் குழுக்கள் முதலில் ஒரு பாவு அளவுக்கு இதை நெய்து, துவைத்த பின்னுள்ள அளவை முனையில் அச்சிட்டு, ரப்பர் பால் மெத்தை வைத்திருக்கும் அங்கத்தினர் வீடுகளிலேயே விரித்துப் பார்க்கலாம்.