கயிறு ஏன் அறுந்தது?

இந்த மாதச் சுவர் இதழில் எங்கள் வீட்டுக் கிணற்றில் நடந்த ஒரு விஷயத்தை வைத்து ஓர் அறிவியல் கட்டுரை எழுதுகிறேன். கணக்கு வருகிறதே என்று பயந்து அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு கப்பி, ஒரு தேங்காய்க் கயிறு, கயிற்றின் இரண்டு முனையிலும் இரண்டு இரும்பு வாளி. நிறைந்த வாளி மேலே வரும்போது வெறும் வாளி கீழே போகும். போன பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோவிலுக்குக் கிளம்ப எல்லாருக்கும் குளிக்க அவசரம். நான்தான் தண்ணீர் இறைத்தேன். நிறைந்த வாளி மேலே வந்ததும் அதைப் பிடிக்கிறதுக்குள்ள கயிற்றை விட்டுட்டேன். நிறைவாளி கிடுகிடுவென்று உள்ளே பாய்ந்தது. வெறும் வாளி அதே வேகத்தில் மேலே வந்து, கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லுக்கு அடியில் மாட்டியது. 'பட்' என்று கயிறு கப்பிக்கிட்டயே அறுந்து, அறுந்த முனை என் கையில் சுளீர் என்று அடித்தது. பக்கத்தில் என் தம்பி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் பட்டிருந்தால்? "ஏட்டி, கண்ணு தப்பிச்சுதுட்டி" என்று ஆச்சி சொன்னதை நினைத்தால் இப்பவும் எனக்கு நடுங்கும்.

அப்பா கேட்டபோது "இத்துப்போன கயிறுப்பா" என்றேன். கயிறு வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. உண்மையிலேயே தப்பு கயிற்றின் மேலா, என் மேலா? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "கணக்குப் போட்டுப் பாரு, கயிறே சொல்லும்" என்றார்கள்.

கயிறு தன்னில் கட்டிய பொருளை இழுக்கும் விசைக்கு இழுவிசை என்று பெயர். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். இரண்டு வாளியையும் சேர்த்துப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு நியூட்டன் 1687-இல் வெளியிட்ட இரண்டாம் விதியைப் போட வேண்டும். விசை = நிறை × முடுக்கம்.

நிறைவாளி 10 கிலோ (தண்ணீர் 8, வாளி 2). வெறும் வாளி 2 கிலோ. புவிஈர்ப்பு முடுக்கத்தை 9.8-க்குப் பதில் சுலபத்துக்காக 10 என்று வைத்தால் எடைகள் 100 நியூட்டன், 20 நியூட்டன். கப்பியின் உராய்வையும் கயிற்றின் எடையையும் விட்டுவிட்டேன்.

1) மெதுவாக, ஒரே வேகத்தில் இறைக்கும்போது:
நிறைவாளிப் பக்கம் கயிற்றின் இழுவிசை 100 நியூட்டன். அதில் 20-ஐ எதிர்ப்பக்கம் தொங்கும் வெறும் வாளியே கொடுத்துவிடுகிறது. நம் கை 80 கொடுத்தால் போதும். இரண்டு வாளி கட்டுவதன் லாபம் இதுதான்.

2) கயிற்றைக் கைவிட்ட பிறகு:
இழுவிசையை 'இ' என்றும் முடுக்கத்தை 'மு' என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே கயிறு என்பதால் இரண்டு வாளிக்கும் இவை ஒன்றே.
நிறைவாளி கீழே போகிறது: 100 − இ = 10 × மு
வெறும் வாளி மேலே வருகிறது: இ − 20 = 2 × மு
இரண்டையும் கூட்டினால் 'இ' அடிபட்டுப் போகும்: 80 = 12 × மு
மு = 6.67
இ = 20 + (2 × 6.67) = 33.3 நியூட்டன்

இந்த விடையைப் பார்த்து நானே நம்பவில்லை. இரண்டு எடையையும் கூட்டி 120 வரும் என்றுதான் நினைத்திருந்தேன். 100-ம் இல்லை, 33 தான்! வாளி பாய்ந்து போகும்போது கயிறு தினமும் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான் தாங்குகிறது. அப்படியென்றால் அது ஓடும்போது அறுந்திருக்க முடியாது.

3) வெறும் வாளி கல்லில் மாட்டியபோது:
அதற்குள் நிறைவாளி சுமார் 3 மீட்டர் இறங்கியிருக்கும். வேகத்தின் வர்க்கம் = 2 × 6.67 × 3 = 40. வேகம் விநாடிக்கு 6.3 மீட்டர். அது நிற்க எடுத்த நேரத்தை யார் அளந்தார்கள்? ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தேன். எதிர்முடுக்கம் 63. வாளியை நிறுத்த 10 × 63 = 630 நியூட்டன், அதன் எடையைத் தாங்க 100. மொத்தம் 730 நியூட்டன். கிட்டத்தட்ட ஒரு மூட்டை நெல்லை அந்தக் கயிற்றில் திடீரென்று தொங்கவிட்ட மாதிரி!

கயிறு இற்றுப் போகவில்லை. கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. நான் கைவிட்டதுதான் காரணம். நோட்டைக் காட்டி அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அப்பா திட்டவில்லை. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடையிலேயே புதுக் கயிறு வாங்கினார். "மாமா, தப்பு என் மேலதான்" என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

இதே ஏற்பாட்டுக்கு அட்வுட் எந்திரம் என்று பெயர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் அட்வுட் 1784-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். அவர் ஏறக்குறைய சமமான எடைகளை மாட்டினார். 10 கிலோவும் 9 கிலோவும் மாட்டிப் பாருங்கள், முடுக்கம் வெறும் 0.53 தான். மெதுவாகப் போவதால் கடிகாரம் வைத்து நிதானமாக அளக்கலாம். பெரிய கட்டடங்களில் உள்ள லிஃப்டிலும் இப்படித்தான் மறுபக்கம் ஓர் எடை தொங்கும்.

தோழர்களே, தோழிகளே! கிணற்றுக் கயிற்றைக் கைவிடாதீர்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளைக் கப்பிக்குப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி: செங்கோட்டை போகும் ரயில் நம் அம்பை ஸ்டேஷனில் இருந்து கிளம்புகிறது. முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் பத்துப் பெட்டிகள். எந்த இணைப்புக் கொக்கியில் இழுவிசை அதிகம்? முதலாவதிலா, நடுவிலா, கடைசியிலா? ஒவ்வொரு பெட்டியையும் தனியாகப் பார்த்தால் விடை வந்துவிடும். எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுங்கள். விடை அடுத்த இதழில்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி