கூடாரத்தில் எழுதிய குறிப்பேடுகள்

நெல்லைச் சீமையின் நாட்குறிப்புகள் – 6

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சீமையைப் பற்றிக் கலெக்டர் கச்சேரிக் கணக்குகள் நிறையச் சொல்கின்றன. எந்த நிலம் யார் பெயரில் இருந்தது, தீர்வை எவ்வளவு, ஜமீன் எல்லை எதுவரை என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். ஆனால் ஒரு தெருவில் காலரா புகுந்தபோது அக்கம்பக்கத்தார் என்ன செய்தார்கள், பனையேறும் காலத்தில் பள்ளிக்கூடம் ஏன் காலியானது என்பவற்றை அந்தக் கணக்குகளில் தேடிப் பயனில்லை. இவற்றுக்கு மிஷனரிகளும் அவர்களோடு உழைத்த தமிழ் உபதேசிமாரும் எழுதிய நாட்குறிப்புகளைத்தான் புரட்ட வேண்டும்.

இந்தப் பழக்கம் தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706இல் அங்கு வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்தவர்களும் அன்றாடம் நடந்ததை எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஹாலே நகரில் அவை அச்சேறின. 1799இல் லண்டனில் தோன்றிய சர்ச் மிஷனெரி சங்கமும் தன் ஊழியர்களிடம் நாட்குறிப்பு கேட்டு வாங்கியது. கொடுத்த பணம் எப்படிச் செலவாகிறது என்று நன்கொடையாளர்களுக்குக் காட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த ஏடுகளைப் படிக்க வேண்டும்.

நெல்லைச் சீமையில், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். பிரஷ்யாவில் பிறந்த மிஷனரி இரேனியஸ் 1820 ஜூலையில் அங்கு வந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குள் கிராமம் கிராமமாகச் சபைகள் பெருகி, சேர்ந்தவர்கள் பத்தாயிரத்தைத் தாண்டினார்கள். 1838இல் அவர் இறந்த பிறகு, அவருடைய நாட்குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு அவர் மகன் தொகுத்த வாழ்க்கை வரலாறு 1841இல் லண்டனில் வெளிவந்தது.

அந்தக் காலத்துக் கிராமத்தில் மதம் மாறுவது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயமாக நின்றுவிடவில்லை. ஊர்க்கோயிலுக்கு வரி கொடுக்க மறுத்தால் ஊர்ப் பெரியவர்களோடு தகராறு. ஞாயிற்றுக்கிழமை கட்டாய ஊழிய வேலைக்குப் போக மறுத்தால் நிலக்காரரோடு தகராறு. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் பொய் வழக்கில் சிக்கியவர்களும் பாளையங்கோட்டைக்கு நடந்துவந்து முறையிட்டார்கள். இவர்களுக்குக் குடியிருக்க இடம் வேண்டும் என்பதால் 1830இல் தர்ம சங்கம் ஏற்பட்டது. அது நிலம் வாங்கி, வீட்டுமனை பிரித்துக் கொடுத்தது. பிரஷ்யப் பிரபு டோனா அனுப்பிய பணத்தில் 1827இல் உருவான டோனாவூர் இத்தகைய குடியேற்றங்களின் முன்னோடிகளுள் ஒன்று. தெரு, தேவாலயம், பள்ளி, கிணறு என்று ஓர் ஊர் புதிதாக எழுவதை நாள்வாரியாகப் பார்க்க வாய்ப்பளிப்பவை இந்தக் குறிப்புகளே.

தெற்கே தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் சபைகள் வேரூன்றிய பின்னும் வடபகுதிக் கரிசல் சீமை பெரும்பாலும் தொடப்படாமல் இருந்தது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களும், அரசுப் பதிவுகளில் அன்று சங்கரநயினார்கோவில் என்று எழுதப்பட்ட சங்கரன்கோவில் வட்டாரமும் சேர்ந்ததே வடதிருநெல்வேலி. 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து, 1846இல் சென்னை வந்த மிஷனரி தாமஸ் ராக்லாந்து, டேவிட் ஃபென்னையும் மெடோஸையும் சேர்த்துக்கொண்டு 1854இல் இங்கே சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். பங்களா கட்டி ஓரிடத்தில் அமரும் வழக்கத்தை விட்டுக் கூடாரத்திலேயே குடியிருப்பது அவர்கள் ஏற்பாடு.

ஒரு கிராமத்தருகே மரநிழலில் கூடாரம் அடிப்பார்கள். காலை வெயில் ஏறுமுன் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போவார்கள். உச்சிவெயிலில் திரும்பி வந்து படிப்பு, எழுத்து. வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஊர்கள். பக்கத்து ஊர்களை முடித்ததும் கூடாரம் அடுத்த இடத்துக்கு நகரும். தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து இவர்களோடு அனுப்பின. ஒரு தமிழ்ச் சபை தன் செலவில் ஆளனுப்பி இன்னொரு வட்டாரத்தில் ஊழியம் செய்தது அந்நாளில் புதுமை. ராக்லாந்து 1858 அக்டோபரில் சிவகாசியில் நெஞ்சுநோயால் இறந்தார். டோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1922இல் ராக்லாந்தின் வாழ்க்கையை நூலாக எழுதினார்.

வெள்ளைக்காரர் எழுதியதற்கு ஓர் எல்லை உண்டு. அவர் தெருவில் நின்று பார்த்தார். வீட்டுக்குள் நடந்தது அவருக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். கோயில் வழிபாட்டை இருள் என்று தீர்மானித்துவிட்டே பேனா எடுத்தார். மிஷனரி கால்டுவெல் 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி வெளியிட்ட நூல் அந்தச் சமூகத்தாரைப் புண்படுத்திக் கடும் எதிர்ப்பைக் கிளப்பியதற்கும் இத்தகைய பார்வையே காரணம்.

அதனால் உபதேசிமார் தமிழில் எழுதியவற்றுக்குத் தனி மதிப்பு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு உலகறிந்தது. ஆனால் அவர் கவர்னர் அருகில் இருந்த செல்வந்தர். நெல்லைச் சீமையில் மிஷன் ஊழியத்தில் இருந்த உபதேசியார் சவரிராய பிள்ளையோ (1801–1874) சாதாரண ஊழியர். அவருடைய நாட்குறிப்பை உள்ளடக்கிய வரலாற்றை ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் பதிப்பித்திருக்கிறார். துரைமார் சொன்னதையும் ஊரார் சொன்னதையும் இருபுறமும் கேட்டவர் உபதேசியார். மேலதிகாரியின் உத்தரவும் சொந்தக் குடும்பத்தின் பாடும் அவருடைய ஒரே ஏட்டில் பதிவாகின்றன. பெண்களின் கையெழுத்தில் இப்படி ஒன்று கிடைப்பது மிக அரிது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு வண்டி கட்டிச் சென்ற குடும்பங்களில் பெண்கள் எழுதிய நாட்குறிப்புகள் ஏராளமாக மிஞ்சியிருப்பதைப் பார்க்கும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது.

மிஷனரி ஏடு, உபதேசியார் ஏடு, கச்சேரிக் கணக்கு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தால்தான் ஊரின் கதை முழுமையாகும். சர்ச் மிஷனெரி சங்கத்தின் ஆவணங்கள் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் தமிழில் எழுதியவை வீட்டுப் பரணிலும் சபைப் பெட்டியிலும் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. சங்கரன்கோவில், சிவகாசி, நெல்லைப் பகுதிகளில் பாட்டனார், பூட்டனார் எழுதிய குறிப்பேடோ, பழைய சபைப் பதிவேடோ வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள்.

(தொடரும்)