துருவேறிய பழைய லேத்தைச் சீர்ப்படுத்துதல்

கிணற்றுப் பம்பின் தண்டு தேய்ந்துவிட்டால், பயிர் தண்ணீருக்குக் காத்து நிற்க, அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துப் பட்டறைக்குச் செல்ல வேண்டிய நிலை பல கிராமங்களில் உண்டு. ஊரிலேயே ஒரு கடைசல் இயந்திரம், அதாவது லேத், இருக்குமானால் தண்டு, புஷ், ஆணி முதலியவற்றை வீட்டுப் பட்டறையிலேயே கடைந்துகொள்ளலாம். புதிய இயந்திரத்தின் விலை எளியோருக்கு எட்டாது. எனினும், துருவேறிய பழைய லேத்துகள் இரும்புக் கடைகளில் எடைக் கணக்கில் விற்கப்படுவதுண்டு. அவற்றை வாங்க எண்ணுவோர் முதற்கண் அறிய வேண்டியது, துரு வேறு, தேய்மானம் வேறு என்பதாகும்.

துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைக்கும் தன்மையது. ஆதலால், காண்பதற்கு அச்சந்தரும் துருவின் கீழே உலோகம் சிறிதளவே அரிக்கப்பட்டிருக்கலாம். (ஆழக் குழி விழுந்திருந்தால் அது வேறு விஷயம்.) தேய்மானமோ, வர்ணம் பூசிப் பளபளக்கும் இயந்திரத்திலும் மறைந்திருக்கும். வேலை பெரும்பாலும் சக்கின் அருகே நடப்பதால், இயந்திரத்தின் நீண்ட தளம் அவ்விடத்திலேயே அதிகம் தேய்கிறது. உளியைத் தாங்கிச் செல்லும் கேரியேஜை அங்கே ஆட்டமின்றி முறுக்கிவைத்து, மறுகோடிக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே அது இறுகி நின்றுவிட்டால் தளம் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதைச் சீர்செய்யப் பெரிய பட்டறைக்கே செல்ல வேண்டும். அச்செலவு லேத்தின் விலையையே மிஞ்சக்கூடும். பேரிங் தேய்மானம் அவ்வளவு கவலைக்குரியதன்று. சக்கில் உறுதியான தண்டு ஒன்றைப் பொருத்தி மேலும் கீழும் நெம்பினால் ஆட்டம் தெரிந்துவிடும். மரை வெட்டுவதற்குரிய மாற்றுப் பல்சக்கரங்கள் உள்ளனவா என்பதையும் கேட்டறிதல் நலம். அவை தனியே கிடைப்பது அரிது.

பிரிக்கும்போது ஒவ்வோர் உறுப்பையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் மீண்டும் பூட்டுவது எளிது. இறுகிய திருகுகளைச் சுத்தியலால் தாக்காமல், எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுத்திருக்க வேண்டும். வார்ப்பிரும்பு அடியைத் தாங்காது உடைந்துவிடும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாமாதலால் உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி எழுப்பலாகாது.

ஆர்வம் மிகுந்தோர் பலர் தளத்தின் மீதே கிரைண்டரை ஓட்டிவிடுகின்றனர். இதைவிடப் பெரிய கேடு இல்லை. தளத்தின் நேர்மை ஒருமுறை கெட்டால் பின்பு கடையும் எதுவும் அளவுக்கு அமையாது. மண்ணெண்ணெய் தடவி, பழைய சவர பிளேடைத் தட்டையாகப் பிடித்து மெல்ல வழித்தெடுப்பதே போதுமானது. எமரித் தூளும் அங்கே தங்கலாகாது.

கைப்பிடி, பல்சக்கரம் போன்ற சிறு இரும்பு உறுப்புகளுக்கு மின்சார முறை ஏற்றது. பிளாஸ்டிக் தொட்டியில் 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை உறுப்பிலும், நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு அமிழ்த்த வேண்டும். சில மணி நேரத்தில் துரு தளர்ந்து, தேய்த்தால் உதிரும். தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது; நீரில் நஞ்சு கலக்கும். தீப்பற்றும் வாயு எழுவதால் திறந்த வெளியில், நெருப்பின்றிச் செய்தல் வேண்டும். அலுமினிய உறுப்புகளையும் வில் கம்பிகளையும் இதில் இடலாகாது. எடுத்தவுடன் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாவிடில் மறுநாளே துரு திரும்பும்.

மோட்டார் பொருத்துகையில் எர்த் இணைப்பும், பெல்ட்டுக்கு மூடியும் இன்றியமையாதன. ஓட்டுவோர் கையுறையோ தொங்கும் துண்டோ அணியலாகாது.

இறுதியில், இரும்புத் தண்டு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, மெல்லிய சீவலாகக் கடைந்து, இரு முனைகளையும் அளந்து பார்க்க வேண்டும். அளவு வேறுபட்டால் குறை பெரும்பாலும் இயந்திரத்தில் இராது. கால்கள் மட்டமாக அமையாமல் தளம் முறுகியிருக்கும். கால்களின் கீழ் மெல்லிய தகடுகளை வைத்து, மீண்டும் கடைந்து அளந்து, வேறுபாடு நீங்கும் வரை இதைத் தொடர வேண்டும்.