டிரில்லிங் மிஷின் வாங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள்

கடை நடத்துபவருக்குத் திருப்புளி வேலை ஓய்வதே இல்லை. புதுச் சரக்கு வந்தால் ரேக்கின் தட்டை ஓரடி உயர்த்த வேண்டும். மழைக்காலத்தில் பெயர்ப் பலகை ஆடத் தொடங்கும். கிடங்கில் ஒரு விளக்கு மாட்ட வேண்டுமென்றாலும் சுவரில் துளை போட்டாக வேண்டும். இந்தச் சில்லறை வேலைகளுக்கு ஆள் தேடினால் அரை நாள் போகிறது. கூலியும் முன்போல் இல்லை. எனவே வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் சிறிய டிரில்லிங் மிஷின் ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்மவர்கள் பலரும் எண்ணுகிறார்கள்.

நல்ல எண்ணம்தான். ஆனால் வாங்கப் போனால் மிஷினைக் கையில் எடுத்துப் பார்த்து, பேரம் பேசி முடித்துவிடுகிறோம். அதன் அடியில் மாட்டியிருக்கும் பேட்டரியைப் பற்றிக் கேட்பதில்லை. பின்னாளில் செலவு வைப்பது அதுதான். மோட்டார் பல ஆண்டு உழைக்கும். பேட்டரியோ உபயோகித்தாலும் தேயும், சும்மா வைத்தாலும் வயதாகும். மாற்றுப் பேட்டரி கிடைக்காவிட்டால் நல்ல மிஷினும் பழைய இரும்புக்குத்தான் போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை இதற்கு நன்றாகப் பொருந்தும்.

எந்த வேலைக்கு எது?

1961ஆம் ஆண்டில் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் பேட்டரி டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலம். லித்தியம் அயான் பேட்டரியை 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2005ஆம் ஆண்டையொட்டி இத்தகைய பெரிய கருவிகளிலும் அது இடம்பெறத் தொடங்கியது. இன்று நாம் வாங்குவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகையே.

இதில் கடைக்கு ஏற்றவை இரண்டு. 12 வோல்ட் வகை சுமார் ஒரு கிலோ எடையில் கைக்கு அடக்கமாக இருக்கும். ஸ்க்ரூ முடுக்க, மரத்திலும் மெல்லிய தகட்டிலும் துளை போட, ரேக் கழற்றி மாட்ட இது போதும். 18 வோல்ட் வகை சற்றுக் கனம். செங்கல் சுவரில் ரால் பிளக் பதிக்க வேண்டுமானால் அதிலும் ஹேமர் வசதி உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும். கான்கிரீட் தூணிலும் லிண்டலிலும் துளை போட இவை ஏற்றவை அல்ல. அதற்கு மின்சாரத்தில் ஓடும் ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். ஆண்டுக்கு நான்கு துளைதான் போடுவோம், பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருக்கிறது என்பவர்களுக்கு வயர் உள்ள சாதாரண டிரில் போதும். பேட்டரிச் செலவே இல்லை.

வோல்ட் எண்ணில் ஏமாற வேண்டாம்

ஒரு லித்தியம் அயான் செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட். ஐந்து செல்களை வரிசையாகச் சேர்த்தால் 18 வோல்ட். முழுச் சார்ஜில் 21 வோல்ட். ஆகவே 18, 20, 21 என்று மூன்று பெட்டிகளில் மூன்று எண் இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து செல்தான். டிவால்ட் நிறுவனம் அமெரிக்காவில் 20 என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் அச்சிடுவது ஒரே வகைப் பேட்டரியை. 12 வோல்ட் எனப்படுவது மூன்று செல், சராசரியில் 10.8 வோல்ட்.

இது வரை குற்றமில்லை. ஆனால் குறைந்த விலைக் கருவிகள் சிலவற்றில் 48, 88 என்று பெரிய எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'வி.எஃப்.' என்ற எழுத்துகளைச் சேர்த்திருப்பார்கள். உண்மையில் 48 வோல்ட் வர வேண்டுமானால் வரிசையில் 13 செல்களாவது வேண்டும். கையளவுப் பேட்டரியில் அத்தனை செல்லுக்கு இடமேது? அந்த எண் வெறும் விற்பனைப் பெயர்.

சரியான அளவுகோல் வாட்-அவர். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் அது வரும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். அரிசியை மூட்டையின் உயரம் பார்த்தா வாங்குகிறோம்? எடை போட்டுத்தானே வாங்குகிறோம். பேட்டரிக்கு வாட்-அவரே எடைக்கல்.

ஒரு பேட்டரி, பல கருவிகள்

ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் பேதம் உண்டு. போஷ் நிறுவனத்தின் நீல நிறத் தொழில்முறைக் கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி, அதன் பச்சை நிற வீட்டு உபயோகக் கருவிகளில் சேராது. ஆகவே முதல் மிஷினை வாங்கும்போதே எந்தக் குடும்பத்தில் சேருகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு கிடங்குத் தூசி ஊதும் புளோயரோ, மின்வெட்டு நேரத்து விளக்கோ தேவைப்பட்டால் பேட்டரி இல்லாத வெறும் கருவியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது கருவியில்தான் முதல் முதலீட்டின் லாபம் தெரியும்.

வன்பொருள் வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். ஐந்து நிறுவனங்களின் மிஷினை அடுக்கி வைத்து, ஒன்றுக்கும் மாற்றுப் பேட்டரி இல்லாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதைவிட, இரண்டு குடும்பங்களை முழுமையாக வைத்திருப்பது மேல்.

பில்லும் பெட்டியும்

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளை நாம் நன்கறிவோம். பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை இல்லாமல் நாம் பொட்டலம் விற்க முடியாது. இறக்குமதியான மிஷின் பெட்டியிலும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியின் உத்தரவாதத்தை யாரிடம் போய்க் கேட்பது? கடையின் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்குங்கள். கடை உபயோகத்துக்கு வாங்கும் கருவிக்குச் செலுத்திய வரியை, வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடையாது.

மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். 36 வாட்-அவர் பேட்டரியை ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ இருபது முறை சார்ஜ் செய்யலாம்.

கடைக்குள் கவனம்

நம் கடையில் கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய், காகிதம் எல்லாம் இருக்கின்றன. அவற்றின் அருகே சார்ஜ் போடவே கூடாது. இரவில் சார்ஜில் விட்டுக் கடையைப் பூட்டவும் கூடாது. கழற்றிய பேட்டரியைச் சில்லறைக் காசும் ஆணியும் கிடக்கும் கல்லாவில் போட்டால் முனைகள் உரசித் தீப்பற்றலாம். மாவுத் தூசி பறக்கும் இடத்தில் கருவியை ஓட்ட வேண்டாம். கார்பன் பிரஷ் மோட்டாரில் பொறி பறக்கும்.

தகரக் கொட்டகையின் மே மாத வெப்பம் பேட்டரிக்குப் பகை. 40, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யலாகாது என்றே கையேடுகள் பெரும்பாலும் சொல்கின்றன. முழுதாகக் காலியாக்கிய பின்தான் சார்ஜ் செய்ய வேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது தேவையில்லை. நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் பாதிச் சார்ஜில் நிழலான இடத்தில் வைக்க வேண்டும். உப்பிய, விரிசல் விட்ட பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைக் குப்பையில் எறியாமல் தனியே பிரித்து ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே வாங்கும் முன் விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். மாற்றுப் பேட்டரி இப்போதே கடையில் இருக்கிறதா? அதன் தனி விலை என்ன? இதே பேட்டரியில் வேறு எந்தெந்தக் கருவிகள் ஓடும்? பழுது பார்க்கும் நிலையம் நம் ஊரில் எங்கே உள்ளது? நான்குக்கும் நேரான பதில் வந்தால் மட்டும் பணத்தை எடுங்கள். சரக்கு வாங்குவதில் நமக்குள்ள சாமர்த்தியம் கருவி வாங்குவதிலும் இருக்கட்டும்.