சொந்தப் பணத்தில் ஜனாதிபதியாகலாமா? புளூம்பேர்க் போட்ட கணக்கு

தேர்தல் காலம் வந்தால் எமது வர்த்தகர்கள் மத்தியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. ‘ஏற்கனவே பணம் உள்ளவன் வந்தால் களவெடுக்க மாட்டான், கட்சிக்காரனுக்குக் கடமைப்படவும் மாட்டான். வியாபாரம் தெரிந்தவன் நாட்டையும் நடத்துவான்’ என்பதே அது. இதை உரசிப் பார்க்க நல்லதோர் உதாரணம் நியூயோர்க் நகரின் முன்னாள் மேயர் மைக்கல் புளூம்பேர்க். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாகக் குதிப்பாரா என்று 2008 இலும் 2016 இலும் பலரும் எதிர்பார்த்திருந்த கோடீஸ்வரர்.

இவர் பரம்பரைப் பணக்காரர் அல்லர். தகப்பன் ஒரு பால் நிறுவனத்தில் கணக்கப்பிள்ளை. 1981 இல் இவர் பங்காளியாக இருந்த சலமன் பிரதர்ஸ் நிறுவனம் கைமாறியபோது, இவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கையில் கிடைத்தது 10 மில்லியன் டொலர். வேறொருவராக இருந்தால் வீடு வளவு வாங்கிப் போட்டிருப்பார். இவர் பங்கு, கடன்பத்திர வியாபாரிகளுக்கு விலை விபரங்களை உடனுக்குடன் திரையில் காட்டும் கணினிக் கருவியைத் தயாரிக்க இறங்கினார். முதல் வாடிக்கையாளரான மெரில் லிஞ்ச் நிறுவனம் 20 கருவிகளை எடுத்தது. பின்னர் 30 மில்லியன் டொலர் போட்டு 30 சதவீதப் பங்கையும் வாங்கியது. கருவியை விற்காமல் வாடகைக்கு விட்டதுதான் இவரது கெட்டித்தனம். பிற்காலத்தில் ஒரு கருவிக்கு ஆண்டு வாடகை 20 ஆயிரம் டொலரையும் தாண்டியது. விற்றால் ஒரு தடவைதான் இலாபம், வாடகை என்றால் வருடா வருடம் வரும் என்பது எமது கடைத்தெருக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2002 ஜனவரியில் மேயர் பதவியேற்றபோது செப்டெம்பர் தாக்குதலால் நகரம் துவண்டு கிடந்தது, வரவு செலவில் பெரிய பள்ளம். சம்பளமாக வருடத்துக்கு ஒரு டொலர் மட்டுமே எடுத்தார். ஆதன வரியை 18.5 சதவீதம் கூட்டி ஏச்சும் வாங்கினார். 2003 இல் மதுச்சாலை, உணவகங்களில் புகைத்தலைத் தடை செய்தார். குப்பை முதல் தெருவிளக்கு வரை எல்லா முறைப்பாட்டுக்கும் 311 என்ற ஒரே தொலைபேசி இலக்கத்தைக் கொண்டு வந்தார். களவெடுக்கவில்லை, கடமைப்படவில்லை என்ற வகையில் நம்மவர்களின் பேச்சு இதுவரை சரிதான்.

ஆனால் எவரிடமும் கடமைப்படாதவருக்கு எவருடைய சொல்லையும் கேட்க வேண்டிய தேவையும் இல்லாமல் போய்விடுகிறது. மேயருக்கு இரு தவணைதான் என்று நியூயோர்க் வாக்காளர்கள் இரு தடவை வாக்களித்துத் தீர்மானித்திருந்தார்கள். 2008 இல் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி, நகர சபை மூலம் அதை மூன்றாக்கிக் கொண்டார். 2009 தேர்தலில் 100 மில்லியன் டொலருக்கு மேல் செலவழித்தும் வென்றது 5 சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில்.

முஸ்லிம்கள் விடயத்தில் இவரை ஒரே தராசுத் தட்டில் வைக்க முடியாது. 2010 ஓகஸ்டில், தாக்குதல் நடந்த இடத்துக்கு அண்மையில் பள்ளிவாசலுடன் கூடிய நிலையம் அமைக்கக் கூடாதென்று நாடே கொதித்தபோது, அந்த உரிமைக்காகப் பகிரங்கமாக நின்றார். அதில் ஒரு வாக்கும் இலாபமில்லை. அது மறுக்க முடியாத துணிவு. ஆனால் அதே மேயரின் பொலிஸார் பள்ளிவாசல்களையும் முஸ்லிம்களின் கடைகளையும் உணவகங்களையும் இரகசியமாக வேவு பார்த்தது 2011 இல் அம்பலமானது. புளூம்பேர்க் அதை நியாயப்படுத்தினார். அந்தப் பிரிவின் ஆறு வருட வேலையில் ஒரு பயங்கரவாத விசாரணைக்குக்கூட துப்புக் கிடைக்கவில்லை என்று 2012 இல் பொலிஸ் உயரதிகாரியே சாட்சியமளித்தார். கல்லாவில் இருக்கும் மனிதனுக்கு, எதிரே தேநீர் குடிப்பவன் உளவாளியோ என்ற சந்தேகம் வந்தால் வியாபாரம் என்னாவது?

இனி சுயேச்சைக் கணக்குக்கு வருவோம். 2007 இல் குடியரசுக் கட்சியை விட்டு விலகினார். ஆனாலும் 2008 பெப்ரவரியில் போட்டியிடவில்லை என்று அறிவித்தார். 2016 மார்ச்சிலும் அதே முடிவு. காரணம், எமது நாட்டில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்படும். அமெரிக்காவில் அப்படியல்ல. மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகளில் எவருக்கும் 270 கிடைக்காவிட்டால், பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு வாக்கு வீதம் ஜனாதிபதியைத் தெரிவு செய்யும். அங்கே இருப்பவர்களோ இரு பெரிய கட்சிக்காரர்கள். 1992 இல் இன்னொரு கோடீஸ்வரரான ரொஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றும், எந்த மாநிலத்திலும் முதலாவதாக வராததால் தேர்வாளர் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தான் இறங்கினால் வாக்குச் சிதறி, குடியரசுக் கட்சியின் கையிலிருந்த அந்தச் சபை ட்ரம்பையோ குரூஸையோ தெரிவு செய்துவிடும் என்று புளூம்பேர்க் 2016 இல் வெளிப்படையாகவே சொன்னார். முதல் போடுமுன் சந்தையைப் பார்க்கும் வியாபாரியின் புத்தி அது.

அந்தப் புத்தி 2019 நவம்பரில் எங்கே போனதோ தெரியாது. இம்முறை சுயேச்சையாக அல்ல, ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிட்டார். நன்கொடை கேட்காமல் ஏறத்தாழ நூறு நாட்களில் ஒரு பில்லியன் டொலருக்கு மேல் சொந்தப் பணத்தைக் கொட்டினார். 2020 மார்ச் 3 ஆம் திகதி பல மாநிலங்களில் ஒரே நாளில் வாக்கெடுப்பு நடந்தது. இவர் முதலிடத்தில் வந்தது பசிபிக் சமுத்திரத்திலுள்ள அமெரிக்க சமோவா என்ற சிறு தீவுக்கூட்டத்தில் மட்டும். மறுநாளே கடையைச் சாத்திவிட்டு, ஜோ பைடனுக்கு ஆதரவு என்று அறிவித்தார்.