தொலைக்காட்சியில் சுயாதீன ராக் இசைக்குழுக்கள்

சுயாதீன ராக் இசைக்குழு என்பது திரைப்படத்தையோ பெரிய இசை நிறுவனத்தையோ சாராமல், தன் பாடல்களைத் தானே எழுதி, இசையமைத்து, மேடையில் வாசிக்கும் குழுவாகும். கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், குரல் ஆகியவை இதன் அடிப்படை. இந்தியக் குழுக்களில் வயலின், மிருதங்கம், பறை போன்றவையும் சேர்வதுண்டு. இக்குழுக்களின் கச்சேரிகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கொச்சி போன்ற நகரங்களிலும் கல்லூரி விழாக்களிலும் நடப்பவை. எனவே விக்கிரவாண்டி, திண்டிவனம் போன்ற ஊர்களில் வாழ்வோர் இவ்விசையைக் காண நெடுங்காலம் தொலைக்காட்சியே வாய்ப்பாக இருந்தது.

வாசிப்பும் வாயசைப்பும்

தொலைக்காட்சியில் பாடல் நிகழ்ச்சிகள் மூன்று வகைப்படும். நிகழும்போதே ஒளிபரப்பாவது நேரலை. அரங்கில் உண்மையாக வாசித்ததைப் பதிவுசெய்து, பின்னர் ஒளிபரப்புவது நேரடி வாசிப்புப் பதிவு. முன்பே பதிவான பாடலை ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப நடிப்பது வாயசைப்பு.

பிரிட்டனில் பிபிசி 1964 முதல் ஒளிபரப்பிய ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் வாயசைப்பு வழக்கமாக இருந்தது. 1991இல் அமெரிக்காவின் நிர்வாணா குழு அதில் பங்கேற்றபோது, குரல் மட்டும் நேரடி. இசைக்கருவிகளின் ஒலி முன்பதிவு. பாடகர் கர்ட் கோபேன் வழக்கத்திற்கு மாறான தாழ்ந்த குரலில் பாடினார். கிட்டாரை வாசிப்பதுபோலப் பாவனை செய்து ஏற்பாட்டையே கேலி செய்தார். இதற்கு மாறாக, பிபிசியில் 1992இல் தொடங்கிய ஜூல்ஸ் ஹாலண்டின் நிகழ்ச்சியில் குழுக்கள் அரங்கைச் சுற்றி நின்று, ஒன்றன்பின் ஒன்றாக நேரடியாக வாசிக்கின்றன.

ஒலி அமைப்பு

வாயசைப்பைத் தொலைக்காட்சிகள் விரும்புவதற்குக் காரணம் செலவும் நேரமும். டிரம்ஸுக்கு மட்டுமே பல மைக்குகள் தேவை. அதன் ஓசை பாடகரின் மைக்கிலும் புகுந்துவிடும். மேடையில் வாசிப்பவருக்குக் கேட்க வேண்டிய ஒலிக்கலவை வேறு. வீட்டில் சிறிய ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு வேண்டியது வேறு. ஆகவே ஒவ்வொரு கருவியின் ஒலியையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, இரண்டு கலவைகளைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் முன்கூட்டியே ஒலிச் சோதனையும் நடத்த வேண்டும். நேரலையில் பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. பதிவில் ஒலியளவைப் பின்னர் சரிசெய்யலாம்.

தமிழ்நாட்டில்

தமிழ்த் தொலைக்காட்சி இசையில் திரைப்பாடலே கோலோச்சியது. இதற்கு ஒரு விதிவிலக்கு, 2007இல் சன் தொலைக்காட்சி நடத்திய ‘ஊ லலலா’ என்னும் இசைக்குழுப் போட்டி. ஏ. ஆர். ரகுமான் இடம்பெற்ற நடுவர் குழு, பெங்களூருவைச் சேர்ந்த ‘அகம்’ குழுவை வெற்றியாளராகத் தேர்ந்தெடுத்தது. கருநாடக இசையை ராக் இசையுடன் இணைக்கும் இக்குழு 2003இல் தொடங்கியது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் இதன் முதன்மைப் பாடகர். வெற்றிக்குப் பின் உடனே இசைத்தொகுப்பு வந்துவிடவில்லை. முதல் தொகுப்பு 2012இல்தான் வெளியானது. ஒரு போட்டி பெயரைத் தரும். தொடர்ந்து வாசிக்க மேடையும் வருமானமும் வேறு வழியில் தேட வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் சிற்றூர்களிலும் தொலைக்காட்சியைப் பரவலாக்கியது. இதனால் பார்வையாளர் வட்டம் விரிந்தது. ஆனால் சுயாதீன இசைக்கு நிலையான நேரம் ஒதுக்கும் வழக்கம் தமிழ் அலைவரிசைகளில் வேரூன்றவில்லை.

கேரளத்தின் வழி

மாத்ருபூமி குழுமத்தின் கப்பா டிவி, ‘மியூசிக் மோஜோ’ என்ற நிகழ்ச்சி மூலம் குழுக்களின் நேரடி வாசிப்பைத் தொடர்ச்சியாக ஒளிபரப்பியது. இங்கு போட்டியில்லை, மதிப்பெண் இல்லை. 2013இல் உருவான தைக்குடம் பிரிட்ஜ் இந்நிகழ்ச்சியால் பரவலாக அறியப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான கோவிந்த் வசந்தாவே பின்னர் ‘96’ (2018) தமிழ்த் திரைப்படத்திற்கு இசையமைத்தவர். இதே நிகழ்ச்சியில் வாசித்த மசாலா காஃபி குழு, ‘உறியடி’ (2016) படத்திற்கு இசையமைத்தது. தொலைக்காட்சியில் வாசித்த குழுக்களையும் இறுதியில் திரைப்படம் ஈர்த்துக்கொண்டது கவனிக்கத்தக்கது.

இணையத்தின் வருகை

2018 சனவரி 6 அன்று சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானா, ராப், ராக் ஆகியவற்றை இணைத்துச் சாதி எதிர்ப்பைப் பாடியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் இதை உருவாக்கினர். இக்குழுவின் பாடல்கள் பரவ யூடியூப் பெரிதும் உதவியது. தொலைக்காட்சியில் எந்தப் பாடல் ஒளிபரப்பாகும் என்பதை நிலையமே முடிவு செய்கிறது. இணையத்தில் குழுவே நேரடியாக வெளியிடலாம். ஆனால் இணையத்தில் தேடுபவருக்கும் பரிந்துரை பெறுபவருக்குமே பாடல் கிட்டுகிறது. தேடாதவர் வீட்டிலும் ஒரு புதிய ஓசையைத் தற்செயலாகக் கொண்டு சேர்த்தது தொலைக்காட்சியின் தனித்தன்மை.

நேரடி வாசிப்பை அறிதல்

பாடகர் மைக்கிலிருந்து விலகும்போது குரல் தேய்வது, மூச்சொலி கேட்பது, டிரம்ஸ் அடிக்கும் கையும் ஓசையும் ஒன்றுவது, பாடல் முடிவு இசைத்தட்டில் உள்ளதுபோல் படிப்படியாகத் தேய்ந்து மறையாமல் திட்டமாக நிற்பது ஆகியவை நேரடி வாசிப்பின் அடையாளங்கள். கிட்டாரில் கம்பி இணைப்பு இல்லாததை மட்டும் வைத்து வாயசைப்பு என்று முடிவு செய்ய இயலாது. கம்பியில்லாக் கருவிகளும் புழக்கத்தில் உள்ளன.