கிட்டங்கிக்கு வந்த மறுவிலை

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மதிப்பு ஒரு காலத்தில் அதன் பின்வாசலில்தான் இருந்தது. முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் காயலுக்கு. கிழக்கு மலைகளிலிருந்து வந்த மிளகும் சுக்கும் வள்ளத்தில் பின்கடவில் இறங்கும். சுமைக்காரர்கள் கிட்டங்கியில் அடுக்குவார்கள். குஜராத்தியோ, கொங்கணியோ, கச்சி மேமனோ, வாங்குகிறவர் கடவைத்தான் பார்ப்பார். சுவர் விரிசலை யார் பார்த்தார்கள்?

இன்று விலை அந்த விரிசலுக்குத்தான். வில்லிங்டன் தீவுத் துறைமுகம் கப்பல்களை எடுத்துக்கொண்டது, லாரி வள்ளத்தை ஓரங்கட்டியது, 1957இல் அமைந்த மிளகு வணிகச் சங்கத்தின் கூச்சல் ஏலம் கணினிக்குள் போயிற்று. யூதர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட, ஜூ டவுனின் மசாலாக் கடைகள் பழம்பொருள் கடைகளாயின. 2012 டிசம்பரில் பினாலே கலைக் கண்காட்சி தொடங்கியதும் காலிக் கிட்டங்கிகளுக்கே மவுசு வந்தது. 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ படகும் வந்தாயிற்று.

ஆக, முப்பது நாற்பது லட்சத்தோடு இரண்டு சென்ட் தேடுகிறவர்களும் வருகிறார்கள். பத்திரத்தில் 30 லட்சம் என்று எழுதினால் முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: சுளையாக 3 லட்சம் அங்கேயே போய்விடும். அது தெரிந்த செலவு. தெரியாத செலவு உள்ளே குடியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2019இல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்து பழையது போய்விட்டது. கேரளத்தில் 1965ஆம் ஆண்டுச் சட்டமே நிற்கிறது. அதன்படி, உரிமையாளர் தன் சொந்த உபயோகத்துக்கு என்று கேட்டாலும், வாடகைக்காரர் அந்தக் கடை வருமானத்தையே முக்கியமாக நம்பிப் பிழைக்கிறார், அந்தப் பகுதியில் வேறு தோதான கட்டடமும் இல்லை என்றால், அவரைக் கிளப்ப முடியாது. 1940 ஏப்ரல் 1 முதல் தொடர்ந்து இருப்பவர்களுக்குத் தனிப் பாதுகாப்பே உண்டு. 'ஆளோடு வாங்குங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தரகர் சொல்லும் மலிவு விலைக்குக் காரணம் இதுதான். அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சாக்குப்பை தைத்துப் பிழைக்கிற ஒருவரைச் சுற்றுலாவுக்காக எழுப்பிவிடுவது நியாயமாகப் படவில்லை. ஆனால் பணம் போடுகிறவர் அதைத் தெரிந்து போட வேண்டும்.

அடுத்தது அரண்மனை. மட்டாஞ்சேரி அரண்மனை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது; பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டு வட்டம். மேலே ஒரு மாடி எழுப்பி இரண்டு அறை கூட்டலாம் என்று கணக்குப் போட்டவர்கள் முதலில் நாடாவை எடுத்து அளக்கட்டும். ஹோம்ஸ்டே என்று சுற்றுலாத் துறையின் தரச்சான்று வாங்க உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வாடகை வாங்க நினைப்பவருக்கு அது சரிவராது. பினாலேயோ இரண்டாண்டுக்கு ஒருமுறை, சில மாதங்கள். மற்ற மாதங்களுக்கும் வங்கித் தவணை உண்டு.

காயலோரத்தின் சங்கதி தலைகீழாகிவிட்டது. கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியதற்காக, கொச்சியை ஒட்டிய மரடில் நான்கு அடுக்குமாடி வளாகங்களை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன்பிறகு தண்ணீருக்குப் பக்கம் என்றாலே கொச்சிக்காரர்கள் காகிதத்தை இரண்டு தரம் புரட்டுகிறார்கள்.

உள்சந்துகளில் வேறொரு பழக்கம் உண்டு: பணயம். நம்மூர் ஒத்தியேதான். மொத்தத் தொகையைக் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, போகும்போது திரும்ப வாங்கிக்கொள்வது. வீட்டை வாங்கிப் பணயத்துக்கு விட்டு, அந்தத் தொகையை அடுத்த வீட்டில் முடக்கினால், குடியிருப்பவர் கிளம்பும் நாளில் மாட்டிக்கொள்வோம்.

என்னைக் கேட்டால், விலை சற்றுக் கூடினாலும் உள்சந்தில் ஆளில்லாத வீடாக, பங்காளிகள் சிதறிக் கிடக்காத பத்திரமாகப் பார்ப்பேன். கடவு வைத்த கிட்டங்கிதான் வேண்டும் என்பவர், ஓதம் ஏறும் நாளில் போய் சுண்ணாம்புச் சுவரில் உப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.